கிட்டார் நெக்: பலமா இருக்குறது வேற, அசையாம இருக்குறது வேற

ஸ்டீல் ஸ்ட்ரிங் போட்ட அக்கூஸ்டிக் கிட்டார ட்யூன் பண்ணி ஸ்டாண்டுல வச்சாச்சுன்னா அது சும்மா நிக்குற மாதிரிதான் தெரியும், ஆனா மெல்லிசு ஸ்ட்ரிங் 0.012 இஞ்ச் தடிப்புல ஆரம்பிக்குற (12னு சொல்லுவாங்க) லைட் செட்டுக்கே ஆறு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல இழுத்துக்கிட்டு இருக்கும். எலெக்ட்ரிக்ல 10 செட்னா 45 கிலோ பக்கம், நைலான் போட்ட கிளாசிக்கல்னா 40 கிலோ பக்கம். இந்த இழுப்புக்கு லீவே கிடையாது, நீங்க வாசிச்சாலும் இழுக்கும், பையில போட்டு பரண்ல வச்சாலும் இழுக்கும். இத தாங்குறது நெக்கு, அதாவது கிட்டாரோட கழுத்து. முதல் ஃப்ரெட்கிட்ட (குறுக்கால பதிச்ச கம்பிதான் ஃப்ரெட், அது பதிஞ்ச பலகை ஃப்ரெட்போர்டு) ஃப்ரெட்போர்டையும் சேர்த்து 20, 21 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒரு கட்டைதான் அது, அதுக்கு நடுவுலயும் ட்ரஸ் ராடுன்னு ஒரு இரும்புக் கம்பி போடணும்னு பள்ளம் தோண்டி வச்சிருப்பாங்க.

எங்க மார்த்தாண்டம், குழித்துறை பக்கம் சர்ச் கொயருக்கு கொயர் ரெண்டு கிட்டாராவது இருக்கும், களியக்காவிளை தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரைன்னு போனா அங்கயும் அதே கதைதான். அதனால என்கிட்ட வர்ற தம்பிமாருல பாதிப்பேரு கேக்குற கேள்வி ஒண்ணுதான். "அண்ணே, உள்ள ட்ரஸ் ராடு இருக்குல்லா, அப்புறம் மரம் எதுவா இருந்தா என்ன?" இந்தக் கேள்விக்கு பதில் சொல்லத்தான் இத எழுதுறேன், ஏன்னா நெக்கு விஷயத்துல முக்காவாசி குழப்பம் இந்த ஒரு கேள்விக்குள்ளயே இருக்கு.

முதல்ல ரெண்டு விஷயத்த பிரிச்சுப் பாக்கணும். ஒண்ணு, பலம், அதாவது அந்த 70 கிலோ இழுத்தா எவ்வளவு வளையும், ஒடிஞ்சு போகுமா. இன்னொண்ணு, ஒரே நிலையில நிக்குறது, அதாவது சித்திரை வெயில்ல இருந்த மாதிரியே ஆடி மழையிலயும் இருக்குமா, அஞ்சு வருஷம் கழிச்சும் அப்படியே இருக்குமா. ஒரு நெக்கு ரொம்ப பலமா இருக்கலாம், கல்லு மாதிரி இருக்கலாம், ஆனா மழை பேஞ்சா முறுக்கிக்கிட்டு நிக்கும். பலம்ங்கிறது கணக்கு, சுலபமா கிடைச்சிரும். அசையாம நிக்கிறதுதான் கஷ்டம், அது மரத்த எடுக்குறப்பவே பாதி முடிவாயிரும்.

பலத்த சட்டுனு முடிச்சிருவோம். ஒரு கட்டை வளைய மறுக்குறது அதோட தடிப்பு மூணு தடவ பெருக்குற கணக்குல ஏறும். 20 மில்லி நெக்க 22 மில்லி ஆக்குனா, தடிப்பு பத்துல ஒரு பங்குதான் கூடுது, ஆனா விறைப்பு 33 சதவீதம் கூடிரும். அகலத்த கூட்டுனா அந்த அளவுக்கு பலன் கிடையாது, கூட்டுன அளவுக்குத்தான் கிடைக்கும். அதனாலதான் வேகமா வாசிக்க வசதியா இருக்கட்டும்னு நெக்க 18 மில்லிக்கு இழைச்சுக் கேக்குறவங்ககிட்ட நான் மொத ஒரு தடவ யோசிக்கச் சொல்லுவேன். 20ல இருந்து 18க்கு வந்தா கால்வாசிக்கு மேல விறைப்பு போயிருது. கையில பிடிச்சுப் பாத்தா அந்த ரெண்டு மில்லி பெருசா தெரியாது, ஸ்ட்ரிங்குக்கு தெரியும்.

இப்ப கஷ்டமான பாதிக்கு வருவோம். மரம் செத்தாலும் தண்ணி குடிக்கிறத நிறுத்தாது. காத்துல ஈரப்பதம் 50 சதவீதம்னா மரத்துக்குள்ள ஈரம் 9 சதவீதம் பக்கத்துல வந்து நிக்கும், 80 சதவீதம்னா 15, 16 வரைக்கும் ஏறும். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரெண்டு மழையும் உண்டு, ஆனி ஆடியில கேரளாவுல கொட்டுற தென்மேற்கு மழையும் வரும், ஐப்பசி கார்த்திகையில வடகிழக்கும் வரும். மழை வந்தா வீட்டுக் கதவு நிலையில சிக்கிக்கிட்டு சாத்த மாட்டேங்குதுல்லா, அதேதான் நெக்குக்கும் நடக்குது, கண்ணுக்குத் தெரியாத அளவுல. 55 மில்லி அகலமுள்ள ஈட்டி மரத்து ஃப்ரெட்போர்டு ஈரம் அஞ்சு சதவீதம் மாறுனா அரை மில்லி வரைக்கும் விரியும், சுருங்கும். இங்க மழைக்காலத்துல செஞ்ச கிட்டார பெங்களூருக்கோ, ராப்பகலா ஏசி ஓடுற ஸ்டுடியோவுக்கோ கொண்டு போனா போர்டு சுருங்கி ஃப்ரெட் நுனியெல்லாம் ஓரத்துல நீட்டிக்கிட்டு விரலக் கீறும். ஃப்ரெட் கம்பி வளரல, மரம்தான் உள்ள போயிருச்சு.

மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவுல விரியாது. நீளவாக்குல கிட்டத்தட்ட அசையவே அசையாது. வருஷ வளையம் ஓடுற திசையில விரியுறது, நடுவுல இருந்து பட்டையைப் பாத்துப் போற திசையில விரியுறத விட சுமார் ரெண்டு மடங்கு. மரக்கடையில பலகை எடுக்குறப்ப இதுதான் உங்களுக்கு ஆயுதம். பலகையோட நீளத்தப் பாக்காதீங்க, தலைப்பக்கம் குத்த வச்சுப் பாருங்க. மில்லுல அறுத்த தலை சொரசொரன்னு அழுக்கா இருக்கும், ஒண்ணும் தெரியாது, ஒரு கூரான உளியால ஒரு இஞ்ச் அளவுக்கு சீவிட்டு விரல்ல தண்ணி தொட்டுத் தடவுனா வளையக் கோடு பளிச்சுனு வரும். அந்தக் கோடு பலகையோட அகலமான முகத்துக்கு செங்குத்தா நிக்குதான்னு பாருங்க. நின்னா அத குவார்ட்டர் சான்னு சொல்லுவாங்க, நெக்குக்கு அதுதான் உத்தமம். கோடு சிரிக்கிற வாய் மாதிரி வளைஞ்சு படுத்திருந்தா அது காய்ஞ்சா கிண்ணமா வளையுற பலகை. படுத்த பலகையில நல்ல நெக்கே வராதுன்னு இல்ல, ஃபெண்டர்ங்கிற அமெரிக்க கிட்டார் கம்பெனியோட மேப்பிள் மர நெக்குல படுத்த கோடுதான் ஏராளம், ஆனா அது ஒழுங்கா சூளையில காய வச்ச மேப்பிள். நம்ம ஊரு மில்லுல நேத்து அறுத்த தடிய அதோட ஒப்பிட முடியாது.

அடுத்தது பக்கவாட்டுல பாருங்க. ரேகை, அதாவது மரத்தோட நார் ஓடுற கோடு, பலகையோட ஒரு தலையில ஆரம்பிச்சு நேரா இன்னொரு தலை வரைக்கும் ஓடணும். பாதியில சாய்ஞ்சு மேல் முகத்துல ஏறி முடிஞ்சுபோச்சுன்னா அந்த இடத்துல கட்டை பலவீனம், ஒடிஞ்சா அங்கதான் ஒடியும். சந்தேகமா இருந்தா கடைக்காரர்கிட்ட கேட்டு ஓரத்துல ஒரு சின்ன சிம்பு பிளந்து பாருங்க, பிளவு எந்தப் பக்கம் ஓடுதோ அதுதான் உண்மையான ரேகை, மேல தெரியுற கலர்க் கோடு ஏமாத்தும். முடிச்சு இருக்குற பலகையும், வெள்ளையும் (வெளிப்பக்க மரம்) வைரமும் (உள் மரம்) கலந்த பலகையும் விலை குறைவா கிடைக்கும், விட்ருங்க.

என்ன மரம்னு கேட்டா நம்ம எல்லையோரத்துல இருக்குறவங்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. கேரளாவுலயும் நம்ம தோட்டங்கள்லயும் நட்டு வளக்குற பெரிய இலை மஹாகனி இருக்கே, ஸ்வீட்டீனியா மேக்ரோபில்லா, கிப்சன், மார்ட்டின்ங்கிற அமெரிக்க கிட்டார் கம்பெனிங்க காலங்காலமா நெக்கு செஞ்சதும் அதே ஜாதி மரம்தான். மத்திய அமெரிக்காவுல இருந்து வந்து இங்க வேர் பிடிச்சது. தோட்டத்துல வேகமா வளந்த மரம் கொஞ்சம் லேசா, மென்மையா இருக்கும், அதனால வயசான மரத்தோட வைரமா பாத்துக் கேளுங்க. தேக்கு அசையாம நிக்கிறதுல ராஜா, ஆனா எண்ணெய்ப் பசை உள்ளதால ஒட்டுறப்ப பிடிக்காம போகும், ஒட்டுறதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி இழைச்சு அசிட்டோன் துணியால துடைச்சாத்தான் பசை நிக்கும், இன்னொண்ணு அதுல இருக்குற மணல் சத்து உளி முனைய தின்னுரும். அயனி, அதான் கேரளாவுல ஆஞ்ஞிலின்னு சொல்றது, வள்ளம் கட்டுறதுக்கும் வீட்டு நிலைக்கும் பேர் போன மரம், நேர் ரேகைத் துண்டு கிடைச்சா தாராளமா நெக்குக்கு எடுக்கலாம், கிட்டாருக்கு வழக்கமா போடுற மரம் இல்லையேன்னு தயங்க வேண்டாம். பலா மரம் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் தெய்வம், நெக்குக்கு எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்ல, பல துண்டுல ரேகை பின்னிப் பின்னி ஓடும், அது காயக் காய முறுக்கும். ரப்பர் மரம் எங்க ஊருல திரும்புன பக்கமெல்லாம் கிடைக்கும், விலையும் கம்மி, ஆனா மருந்து ஏத்தாட்டி பூச்சியும் பூஞ்சையும் பிடிக்கும், கோணவும் செய்யும். நாற்காலிக்கு சரி.

ஃப்ரெட்போர்டுக்கு ஈட்டி. உலகம் முழுக்க கிட்டார்காரங்க தேடுற இந்தியன் ரோஸ்வுட் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில வளருற இதே மரம்தான், பிரேசில் ரோஸ்வுட் கிடைக்காமப் போனதும் மார்ட்டின் கம்பெனி 1969ல இந்த மரத்துக்குத்தான் மாறுச்சு. வாங்குனா பில்லோட வாங்குங்க, ஈட்டி வெட்டுறதுக்கு அரசு கட்டுப்பாடுகள் உண்டு, 2017ல இருந்து சர்வதேச வணிகத்துக்கும் கட்டுப்பாடு வந்துச்சு, செஞ்சு முடிச்ச இசைக்கருவிக்கு மட்டும் 2019ல விலக்கு குடுத்தாங்க. போர்டு வெறும் அழகுக்குன்னு நெனைக்காதீங்க. ஈட்டியோ கருங்காலியோ நெக்கு மேல ஒட்டுறப்ப அது ஸ்ட்ரிங்குக்குக் கீழ ஒரு விறைப்பான பட்டையா உக்காந்து வளையுறத தடுக்கும்.

காய வைக்குறதுல பொறுமை இல்லாதவங்க நெக்கு செய்யவே வேண்டாம்னு சொல்லுவேன். காத்தோட்டமா அடுக்கி வச்சா ஒரு இஞ்ச் தடிப்புக்கு ஒரு வருஷம்னு ஒரு தோராயக் கணக்கு உண்டு, ஆனா எங்க ஊருக் காத்துல எத்தனை வருஷம் வச்சாலும் ஈரம் 14, 15 சதவீதத்துக்குக் கீழ இறங்காது. அதனால கடைசி கட்டத்துல சின்னப் பெட்டி ஒண்ணு அடிச்சு உள்ள குண்டு பல்பு எரிய விட்டோ, ஏசி ரூம்ல வச்சோதான் 8, 10க்குக் கொண்டு வரணும். ஈரம் அளக்குற மீட்டர் இல்லாட்டி சமையல்கட்டு டிஜிட்டல் தராசு போதும், பலகைய அப்பப்ப நிறுத்து அதுமேலயே பென்சில்ல எழுதி வச்சிட்டு வாங்க, எடை குறையுறது நின்னாத்தான் அந்த இடத்துக்கு அது காய்ஞ்சுதுன்னு அர்த்தம். அப்புறமும் ஒரே மூச்சுல செதுக்கக் கூடாது. மரத்துக்குள்ள ஒரு இறுக்கம் அடங்கி இருக்கும், ஒரு பக்கத்த அறுத்து எடுத்தா மிச்சம் அதுக்கேத்த மாதிரி அசையும். அதனால கொஞ்சம் பெருசா வெட்டி ரெண்டு வாரம் விடுங்க, மேல் முகத்த மறுபடி மட்டமா இழைங்க, ராடு பள்ளம் தோண்டி மறுபடி விடுங்க, மறுபடி இழைச்சிட்டு போர்டு ஒட்டுங்க. ரெண்டாவது தடவ இழைக்குறப்ப இழைப்புளி நடுவுல மட்டும் தொடாம போச்சுன்னா அந்தப் பலகை இன்னும் அடங்கல. இதுல முறுக்கிக்கிட்டே போற துண்ட தூக்கிப் போடத் துணிச்சல் வேணும், நெக்கு ஆன பிறகு முறுக்குனா எந்த ராடாலயும் சரி பண்ண முடியாது.

ஒரே கட்டைய விட மூணு பட்டையா ஒட்டுன நெக்கு நம்ம ஈரத்துக்கு நல்லது. ஒரு பலகைய நீளவாக்குல கிழிச்சு ஒரு பட்டைய தலைகீழாத் திருப்பி ஒட்டுனா, ஒண்ணு இடப்பக்கம் இழுக்குறத இன்னொண்ணு வலப்பக்கம் இழுத்து சமன் பண்ணிரும். படுத்த ரேகைப் பலகைதான் கிடைச்சுதுன்னாலும் இப்படிக் கிழிச்சு 90 டிகிரி திருப்பி ஒட்டுனா ரேகை செங்குத்தா மாறிரும், குவார்ட்டர் சா பலகைக்குத் தேடி அலைய வேண்டாம். இன்னும் உறுதி வேணும்னா ராடுக்கு ரெண்டு பக்கமும் கார்பன் ஃபைபர் பட்டை, 3 மில்லிக்கு 10 மில்லி மாதிரி, எபாக்சில (ரெண்டு பாகமா கலக்குற பசை) புதைச்சு நிறுத்தி வைக்கலாம். படுக்க வைக்கக் கூடாது, மேல சொன்ன தடிப்புக் கணக்கு இங்கயும் வேலை செய்யும். கார்பன் மஹாகனிய விட பத்து மடங்குக்கு மேல விறைப்பு, ஈரமும் குடிக்காது. எனக்கு பேஸ் கிட்டாருக்கும் பன்னெண்டு ஸ்ட்ரிங்குக்கும் இது இல்லாம செய்ய மனசு வராது, சாதா ஆறு ஸ்ட்ரிங்குக்கு நல்ல மரமா இருந்தா தேவையில்ல.

சரி, ட்ரஸ் ராடு. கிப்சன் கம்பெனியில வேலை பாத்த தாடியஸ் மெக்ஹ்யூ 1921ல விண்ணப்பிச்சு 1923ல காப்புரிமை வாங்குன சமாச்சாரம் இது. பழைய வகையில ஒரே கம்பி, பள்ளம் நடுவுல ஆழமா வளைஞ்சு போகும், தலையில இருக்குற நட்ட முறுக்குனா கம்பி நேராகப் பாத்து நெக்க பின்பக்கமா தள்ளும், ஸ்ட்ரிங் முன்பக்கமா இழுக்குறதுக்கு எதிரா. இப்ப கிடைக்குற டபுள் ஆக்‌ஷன் ராடு ரெண்டு பக்கமும் வளைக்கும், 6 மில்லி அகலத்துல நேர்ப் பள்ளம் போதும், தொடக்கக்காரங்களுக்கு இதுதான் வசதி. ஆனா தம்பிமாரு கேட்ட கேள்விக்கு பதில் இங்கதான் இருக்கு. ராடோட வேலை நெக்க நேரா இருந்து லேசான வளைவுக்கு நடுவுல நிப்பாட்டுறது, மழைக்கும் வெயிலுக்கும் வர்ற சின்ன மாற்றத்த திருத்துறது. தொளதொளன்னு இருக்குற நெக்க அது தூக்கிப் பிடிக்காது, முறுக்க எடுக்காது, ஒரு ஃப்ரெட்டுக்கு மட்டும் வந்த மேட்ட இறக்காது. மார்ட்டின் 1985 வரைக்கும் அட்ஜஸ்ட் பண்ற ராடே போடல, உள்ள கருங்காலிப் பட்டையோ இரும்போ வச்சு விறைப்பா ஆக்கி விட்டுட்டாங்க. அந்த கிட்டார்கள்ல நெறைய இன்னும் வாசிக்குற நிலையில இருக்கு. கிளாசிக்கல் கிட்டாருக்கு இன்னைக்கும் பெரும்பாலும் ராடு கிடையாது.

ஒடியுறதுன்னு வந்தா அது பெரும்பாலும் நெக்கு நடுவுல இல்ல, தலையும் நெக்கும் சேருற இடத்துல. கிப்சன் மாதிரி 17 டிகிரி பின்னால சாயுற தலைய ஒரே கட்டையில வெட்டுனா அங்க ரேகை குறுக்கால போய் சட்டுனு முடிஞ்சிரும், அதே இடத்துலதான் ராடு நட்டுக்கும் குழி. ஸ்டாண்டுல இருந்து சாஞ்சு விழுந்தாலே போதும். 1960கள்ல 14 டிகிரியா குறைச்சாங்க, பின்னால ஒரு மேடு வச்சுப் பாத்தாங்க, பழசுதான் வேணும்னு ஆளுங்க கேட்டதால 17க்கே திரும்பவும் வந்தாங்க. வீட்டுல செய்யுறவங்களுக்கு நல்ல வழி ஸ்கார்ஃப் ஜாயிண்ட். 20 மில்லி பலகைய 14 டிகிரி சாய்வா அறுத்து, அறுத்த துண்ட கவுத்துப் போட்டு ஒட்டணும். ஒட்டுற முகம் 80 மில்லிக்கு மேல நீளமா வரும், தலைக்குள்ள ரேகை தலையோட திசையிலயே நேரா ஓடும். ரெண்டு முகமும் வெளிச்சத்துல பிடிச்சாலும் இடைவெளி தெரியாத அளவுக்கு இழைக்கணும், ஒட்டுறப்ப சாய்வுல வழுக்கிக்கிட்டு ஓடும், அதனால ரெண்டு சின்ன ஆணி வழுக்காம அடிச்சுட்டு அப்புறம் கிளாம்ப் போடுங்க, ஆணி நிக்குற இடம் பின்னால வெட்டி எறியுற ஓரமா இருக்கட்டும். இதுல இன்னொரு லாபம், ஒரே கட்டைன்னா 75 மில்லி தடிப்பு வேணும், இதுக்கு மெல்லிசு பலகையே போதும், குதிகாலுக்கும் (நெக்கு பாடியோட சேருற தடிச்ச அடிப்பகுதி) மிச்சத் துண்டுகள அடுக்கி ஒட்டிக்கலாம். ஃபெண்டர்காரங்க தலைய சாய்க்காமலே நேரா விட்டதால இந்தத் தொல்லையே இல்லாம தப்பிச்சாங்க.

பசையில ஒரு எச்சரிக்கை. ஃபர்னிச்சருக்கு போடுற வெள்ளைப் பசை காய்ஞ்ச பிறகும் விடாம இழுத்தா மெதுவா நகரும், வெயில்ல நிறுத்துன காருக்குள்ள கிட்டார் இருந்தா இன்னும் சுலபமா நகரும். விறைப்பா காயுற மஞ்சள் மரப் பசையோ, நல்ல எபாக்சியோ எடுங்க. போர்டு ஒட்டுறப்ப தண்ணிப் பசை ஒரு பக்கம் மட்டும் ஈரத்த ஏத்தி நெக்க வளைக்கும், அதனால எபாக்சி, இல்லாட்டி மெல்லிசா பசை தடவி ஒரு வாரம் காய விட்டு அப்புறம் போர்ட மட்டம் பாக்கணும். ஃப்ரெட் அடிக்குறப்பவும் பாத்துக்கோங்க, வெட்டுன கோடு சின்னதா இருந்து ஃப்ரெட்ட அடிச்சு இறக்குனா இருபது ஆப்பு ஏத்துன மாதிரி நெக்கு பின்னால வளைஞ்சிரும்.

ஸ்ட்ரிங் கட்டி முழு ட்யூனிங்ல ரெண்டு மூணு நாள் விட்டுட்டு வளைவு பாருங்க. முதல் ஃப்ரெட்ல கேப்போ (எல்லா ஸ்ட்ரிங்கையும் அழுத்திப் பிடிக்குற கிளிப்) போட்டு, நெக்கு பாடியோட சேருற ஃப்ரெட்ல விரலால அழுத்துங்க, இப்ப ஸ்ட்ரிங்கே ஒரு ஸ்கேல். ஏழாவது ஃப்ரெட் தலைக்கும் ஸ்ட்ரிங்குக்கும் நடுவுல 0.2ல இருந்து 0.3 மில்லி இடைவெளி இருந்தா சரி. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிய தகடு) இல்லாட்டி ஜெராக்ஸ் பேப்பர் ஒண்ணு சுமார் 0.1 மில்லி, ரெண்டு மூணு தாள சேர்த்து நுழைச்சுப் பாக்கலாம். கூட இருந்தா ராட கால் சுத்து முறுக்கி, மறுபடி ட்யூன் பண்ணி, மறுநாள் அளங்க. ஒரே நாள்ல முழுசா முறுக்குறது வேண்டாம். அப்புறம் பிரிட்ஜ் பக்கத்துல இருந்து ஒரு கண்ண மூடி போர்டு வழியா தலையப் பாருங்க, முதல் ஃப்ரெட்டும் கடைசி ஃப்ரெட்டும் ஒண்ணுக்கொண்ணு சமமா படுத்திருக்கணும், ஒண்ணு சாஞ்சிருந்தா அது முறுக்கு.

முதல் நெக்கு செய்யப் போறவங்களுக்கு, மஹாகனி பலகை ஒண்ணு, டபுள் ஆக்‌ஷன் ராடு ஒண்ணு, ரெடிமேடா கோடு வெட்டுன ஈட்டி போர்டு ஒண்ணு, மூணு பட்டை ஒட்டு, 14 டிகிரி ஸ்கார்ஃப், முதல் ஃப்ரெட்ல 22 மில்லி. பலகைய கார்த்திகையில வாங்குனா பல்புப் பெட்டியில வச்சு மாசி பங்குனி வெயில்ல வேலைய ஆரம்பிங்க, ஒட்டுற வேலை எல்லாம் ஆனி மழைக்கு முன்னாடி முடிஞ்சிரட்டும்.